தொட்டுப் பாருங்க!

"யாரைக் கேட்டு என் படகுல கை வெச்ச?"

படகுக்காரர் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏணியில் நின்றிருந்த ஓவியக்காரப் பெண் மட்டும் திரும்பவில்லை. "கத்தாதீங்கண்ணே, ஏணி ஆடுது" என்றாள்.

பக்கத்து ஊர்த் துறைமுகத்தில் படகை நிறுத்த இடம் கிடைக்குமா என்று இரண்டு நாள் அலைந்து, வெறுங்கையோடு திரும்பியிருந்தார் அவர். வந்து பார்த்தால், தார் பூசிய படகு முழுக்க ஆரஞ்சு நிற மீன்கள்!

மீன் பதப்படுத்தும் ஆலையை மூடியதிலிருந்து ஊரே படுத்துவிட்டது. தூக்கி நிறுத்துகிறேன் என்று நகரசபைத் தலைவர்தான் ஓவியர்களை வரவழைத்தார். பூட்டிக் கிடந்த கடைச் சுவர்களில் எல்லாம் படம். வெளியூர்க் கூட்டம் வந்தது. டீக்கடைகள் திறந்தன.

உடனே தலைவருக்குப் புது ஆசை முளைத்தது. 'கரை பளிச்சென்று இருக்க வேண்டும், படகுகள் கூடாது.' இன்று இயந்திரம் வந்து படகுகளை அள்ளப்போகிறது.

"உங்களாலதான் எங்களுக்கு இந்தக் கதி! தூக்குல போடப்போறவனுக்கு மாலை போட வந்தியா?" படகுக்காரர் சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்தார்.

அவள் சட்டென்று இறங்கி, படகை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஒரு மீனோட வால் அழிஞ்சாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

"என் படகுகிட்ட எனக்கே மிரட்டலா? என்ன திமிரு!" படகோரம் நின்றிருந்த மனைவி பக்கம் திரும்பினார். "நீயாவது கேளேன், நாலு வார்த்தை!"

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி.

அதற்குள் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தலைவரின் கார்.

"ம், தூக்கு!" என்றார் தலைவர்.

"தூக்குங்க!" ஓவியக்காரி குரலை உயர்த்தினாள். "திறப்பு விழா மேடையில நீங்க என்ன சொன்னீங்க? 'எங்க ஓவியர்கள் வரைஞ்ச ஒவ்வொரு படமும் ஊர்ச் சொத்து, கீறினவனை ஜெயில்ல போடுவேன்'னு சொன்னீங்களா, இல்லையா?"

"அது சுவருக்குச் சொன்னது!"

"சுவர்னு சொல்லவே இல்லையே! இங்க நிக்கிற எல்லாரும் அன்னிக்குக் கைதட்டினவங்கதானே? கேட்டுப் பாருங்க."

வெளியூர்க் கூட்டம் ஏற்கெனவே கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தது. யாரும் சொல்லாமலே இயந்திரத்தின் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

தலைவர் பல்லைக் கடித்தார். "சரி, இது ஒண்ணு இருந்து தொலையட்டும். மத்ததை அள்ளு!"

வரிசையாக நின்ற படகுகளின் மறைவிலிருந்து தூரிகையும் கையுமாக ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள் மற்ற ஓவியர்கள்.

"பாத்துங்க சார், எல்லாத்துலயும் ஈரம் காயல" என்றார் ஒருவர்.

கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. இயந்திரம் வந்த வழியே போனது.

படகுக்காரர் தகட்டைக் கீழே போட்டார்.

"ஏம்மா, என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவுண்ணே."

"யார் உத்தரவு?"

"இந்த யோசனையைக் கொடுத்தவங்க உத்தரவு. நேத்து ராப்பகலா கூட நின்னு எங்களுக்குச் சாயம் கலந்து கொடுத்தவங்க." ஓவியக்காரி சிரித்தபடி படகுக்குப் பின்னால் கை காட்டினாள். "அண்ணிகிட்டயே கேளுங்க."

அங்கே விரல் இடுக்கில் இருந்த ஆரஞ்சுக் கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த மனைவி, நிமிராமலே சொன்னாள்:

"உங்க காதுல போட்டா ஊருக்கே கேட்டுடுமே!"