காலையில் எடுத்த ரத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த லேபுக்கு ஆவடி ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் ரத்தம் வந்து சேர்ந்தபோது மணி பத்து. பிறந்து மூன்றே நாளான, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் ரத்தம். ஐந்து சொட்டுக்கு மேல் எடுக்க டாக்டருக்கே மனசு வரவில்லை.

சுலோசனா முதல் சொட்டைப் பம்ப் வைத்து, தபால்தலை அளவுக் கண்ணாடிச் சில்லுக்குள் மெல்லச் செலுத்தினாள். கிருமித் தொற்றின் அளவு தொண்ணூறு என்று திரை காட்டியது. பத்துக்குக் கீழே இருந்தால்தான் நிம்மதி. சரிபார்க்க இரண்டாவது சொட்டை விட்டாள். அறுபது.

"பம்ப்புல காத்து பூந்துகீதுக்கா. கழுவிட்டு இன்னொரு தபா உடு," என்றான் கூட வேலை பார்க்கும் அழகேசன்.

கழுவினாள். முப்பது. பம்ப்பையே மாற்றினாள். எட்டு.

"ஒரே ட்யூபு, காலைல எடுத்த ஒரே ரத்தம். எப்டிக்கா கொறையும்?"

அவள் வாய் திறப்பதற்குள் ஆஸ்பத்திரி நர்ஸ் சபீனா போன் செய்தாள். "மேடம், கொழந்தைக்கு பத்து மணிலேருந்து காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டே வந்துச்சு. இப்பதான் வீல்னு அழுது பால் குடிச்சான்!"

மிச்ச ரத்தத்தைக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. சுலோசனா பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு ஐந்தாவது சொட்டு இருந்த ட்யூபை, ஏசிக் காற்று படாத மூலையாகப் பார்த்து, பஞ்சின் மேல் படுக்க வைத்தாள்.