பலகைக்கு இந்தப் பக்கம்

கயிறு என் உள்ளங்கையில் இருந்த ஆயுள் ரேகையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டிருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் கைதட்டல். இந்தப் பக்கம் நானும் துலுக்கானமும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு காலி கோடவுனுக்குள் நவீனக் கலைச் சந்தை. படம் மாட்டுவதற்கு ப்ளைவுட் சுவர் அடித்தவன் தச்சுவேலை ராயப்பன், அதாவது நான். கனத்தைத் தூக்கி ஏற்றுகிறவன் துலுக்கானம்.

இருபது வருஷக் கூட்டு. ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்திருக்கிறோம். என்னை ‘மாமே’ என்பான். பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே கிடையாது. ஆனால் அவன் வீடு அயனம்பாக்கம், என் வீடு மேனாம்பேடு. ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

தப்பு என்னுடையதுதான். இந்தச் சுவரில் மாட்டவேண்டிய சிற்பத்தின் பெயர் ‘கனமின்மை’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெயரை நம்பி, ஆறு எம்.எம். பலகை போதுமென்று அடித்துவிட்டேன்.

மத்தியானம் லாரியிலிருந்து இறங்கியது ஓர் இரும்பு வளையம். எடை என்ன என்கிறீர்களா? ஒரு யானை. அதுவும் மாசமாக இருந்த யானை.

மாட்டியதும் சுவர் முனகியது. வேறு வழியில்லாமல் கூரை உத்தரத்தில் கப்பி கட்டி, வளையத்தின் இரண்டு தோளிலிருந்தும் பின்பக்கமாக இழுத்தோம். முன்னால் தெரிகிற இடத்தில் மெல்லிய கம்பி. பின்னால், ஆளுக்கொரு கயிறு.

கனம் தூக்குகிற செயின் பிளாக் எடுத்துவரப் போன கோவிந்தராஜ் இன்றைக்கு வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறான்.

அதற்குள் திறப்பு விழா. கயிற்றைக் கட்ட ஒரு தூண் கிடையாது. நாங்கள்தான் தூண்.

வேலையாட்கள் ஒருவரும் கண்ணில் படக்கூடாது, மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு. மற்றவர்களை நாலு மணிக்கே பின்கதவு வழியாக அனுப்பிவிட்டார்.

சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தபோது என் முகம் காலையில் சவரம் செய்த முகம். பாதிப் பேச்சில் தாடி மார்பைத் தொட்டது. ஒரு கொசு துலுக்கானத்தின் மூக்கில் சாப்பிட்டுவிட்டு, என் மூக்கில் வந்து கை கழுவியது.

“எந்தப் பிடிமானமும் இல்லாமல் மிதக்கிறது பாருங்கள்!” என்றார் அவர் மைக்கில்.

மறுபடியும் கைதட்டல்.

“மாமே, இது இன்னா சிலை?” என்றான் துலுக்கானம், உதடு அசையாமல்.

“ஓட்டைடா.”

“ஓட்டைக்கா இம்மாங் கனம்?”

சிரித்தால் பிடி நழுவும். பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக, ஒரு பெண் குரல்.

“சாஞ்சுக்கோ, ஆடாது. எங்கப்பா அடிச்ச பலகை.”

ஜெயசீலி. என் மகள்.

கூட்டம் காட்டுவதற்காக எஸ்டேட் கம்பெனிகளுக்கெல்லாம் இலவச டிக்கெட் கொடுத்திருந்தார்கள். அவள் வேலை பார்த்த துணிக் கம்பெனிக்கும் போயிருக்கும். நான் நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

பலகை என் பக்கமாகப் புடைத்தது. சாய்ந்தது ஒரு முதுகு இல்லை. இரண்டு.

“ஞாயித்துக்கெழம பட்டாபிராம்லேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வராங்க. நாளைக்குக் காலைல ஆறு மணி வண்டிக்கு அம்பத்தூர் ஸ்டேஷன்ல நில்லு. பையோட வந்துடுறேன்.”

ஓர் ஆண் குரல் ஏதோ முனகியது. “எங்க நைனா...” என்பது மட்டும் கேட்டது. மீதியை மைக் விழுங்கிவிட்டது.

அந்த நொடியில் துலுக்கானத்தின் கயிறு ஒரு சாண் மேலே ஓடியது. எகிறிப் பிடித்தான். அதுவரை மலை மாதிரி நின்ற ஆள். கை வேர்த்துவிட்டது போல, என்று நினைத்தேன்.

நான் என்ன செய்வது, சொல்லுங்கள். கத்தினால் என் குடும்ப மானம் மைக்கில் போகும். கயிற்றை விட்டால், வளையத்துக்கு நேர் கீழே அவள் தலை.

என் நெற்றிக்கும் அந்தத் தலைக்கும் நடுவில் ஆறு எம்.எம். அதுவும் நானே அறுத்தது.

நெற்றியால் பலகையைத் தட்டலாமா என்று பார்த்தேன். தட்டினால் சுவர் போய்விடும். அந்தோணியாரே, ஒரே ஒரு நிமிஷத்துக்கு எனக்கு மூன்றாவது கை கொடு என்று வேண்டினேன். காணாமல் போன எதையெதையோ கண்டுபிடித்துக் கொடுக்கிறவர், இல்லாத கைக்கு என்ன செய்வார் பாவம்.

காலை ஆறு மணிக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. அவள் போய்க்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு மேலே யானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆத்திரமெல்லாம் அந்தப் பையன்மேல் திரும்பியது.

“எவன்டா பெத்தான் இவனை?” என்று துலுக்கானத்திடம் குசுகுசுத்தேன். “ரெண்டு கயித்தையும் நீ புடி. ஒரே நிமிஷம். கழுத்தைப் புடிச்சு இட்டாறேன்.”

துலுக்கானம் தன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிறவன். கொசு மறுபடி அவன் மூக்கில் உட்கார்ந்தது. ஊதிக்கூட விடவில்லை.

என் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தேன்.

அவன் என் பக்கம் திரும்பாமல், பலகையையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

“உட்றாத, சம்பந்தி. என் புள்ளையும் கீழதான் நிக்கிறான்.”