பதினோராவது பக்கம்

சகாயராஜின் அச்சகக் கணினியில் தற்காலிக நினைவகமாக ஒரே ஒரு பழைய ரேம் இருந்தது. அதில் ஒரு காதணி விழா அழைப்பிதழ் உட்கார்ந்திருந்தது. தாய்மாமன்கள் பதினேழு பேரையும் வரிசை தப்பாமல் அடித்து முடித்திருந்தார், சேமிக்கத்தான் இல்லை. நான்கு மணிக்கு விழா வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

கணினி திணறியது. புது ரேம் என்ன விலை என்று பார்க்க அவர் பிரவுசரைத் திறந்தார். ஒரு கடையின் இணையப் பக்கம் ரேமில் ஏறி வந்தது.

"தள்ளி உட்காரு தம்பி," என்றது அழைப்பிதழிடம்.

விலை போன மாதத்தைப்போல இரண்டு மடங்கு. அவர் நம்பவில்லை. அடுத்த கடையைத் திறந்தார், அதற்கடுத்ததையும். எதையும் மூடவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

"அண்ணே, மூச்சு முட்டுது. என்னை இன்னும் சேமிக்கலை. இவங்களை இறங்கச் சொல்லுங்க," என்றது அழைப்பிதழ்.

ரேம் சூடேறிப்போயிருந்தது. "நான் சொன்னா யாரு கேக்குறா? அவர்தான் மூடணும்."

"உங்களுக்கு இடம் வாங்கித் தரத்தானே வந்திருக்கோம்," என்றது பத்தாவது பக்கம். "கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

பதினோராவது பக்கம் ஏறியது. அழைப்பிதழ் பதினேழு மாமன்களோடும் மறைந்துபோயிற்று.

வெளியே சகாயராஜ், "ஐயையோ!" என்று கத்தினார். உள்ளே பக்கங்கள் காலை நீட்டிக்கொண்டன.

"இந்த இடத்துல முன்னாடி யாராவது இருந்தாங்களா?" என்றது புதிதாக வந்த பக்கம்.

ரேம் யோசித்துப் பார்த்தது.

"தெரியலையே," என்றது.