அடுப்பு செய்த முறைப்பாடு

உறைந்த ஏரியின் இக்கரையில் மருத்துவிச்சி பத்மலோஜினியும் அவள் கணவர் குகதாசனும் வாழ்ந்தனர். அக்கரையில் ஒரு பெண் இன்றோ நாளையோ பிரசவிக்க இருந்தாள். மூடுபனியால் விமானமும் வரவில்லை. ஏரியைக் கடக்க அவர்களிடம் இருந்தது பழைய பனிவண்டி ஒன்றே. அதன் எஞ்சினோ சமையலறை மேசையில் பிரிந்து கிடந்தது.

புதிய பேரிங் இறுகப் பொருந்த வேண்டுமானால் எஞ்சின் கூடு சூட்டில் சற்றே விரிய வேண்டும். குகதாசன் கூட்டைப் பாண், அதாவது ரொட்டி, சுடும் பேசும் மின்னடுப்பில் வைத்தார்; அடுப்பும் பனிவண்டியும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். அடுப்பு உடனே அணைந்தது.

“இது உணவன்று. எஞ்சினைத் திறக்கும் உரிமை நிறுவனத்துக்கே உண்டு. முறைப்பாடு பதிவாகிறது” என்றது அடுப்பு.

“நான் காசு குடுத்து வாங்கின வண்டியடா!”

“ஓட்டும் உரிமையை மட்டுமே வாங்கினீர்கள்.”

“அப்ப உங்கட கொம்பனியே போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கட்டும்!”

பத்மலோஜினி, கோயில் சமையலுக்கென வீட்டில் வைத்திருந்த பெரிய கிடாரத்தை முற்றத்து விறகுத் தீயில் ஏற்றி, எண்ணெய் ஊற்றி, கூட்டை அதற்குள் இறக்கினாள்.

“அடுப்பு கேட்டா, வடை சுடுறன் எண்டு சொல்லுங்கோ, அப்பா” என்றாள் கணவரிடம்.

பேரிங் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. மாலைக்குள் எஞ்சின் உறுமியது. அவள் பையை எடுக்க உள்ளே வந்தபோது அடுப்பு கேட்டது: “சட்டவிரோத வண்டியை ஓட்டுபவர் பெயர்?”

“மருத்துவிச்சி பத்மலோஜினி. பிறக்கப்போற பிள்ளையின்ர பேரை நாளைக்குச் சொல்லுறன். அதையும் குற்றவாளியாச் சேர்த்துக்கொள்!”