மூணாவது கொட்டேஷன்

"சார், அந்த இருமல் மருந்துக்கு ஆர்டர் போட்டா, மருந்து ஏஜென்சி வெச்சிருக்கற, குழந்தைங்க வார்டு டாக்டரோட மச்சான் நாளைக்கே வரவழைச்சுத் தந்துடுவாராம்."

உதவியாளர் சொன்னதும், சுகாதாரத் துறையின் கொள்முதல் அதிகாரி சிரித்தார். "மச்சானா? ரொம்ப வசதி!"

தொற்று பரவியதால், டெண்டர் இல்லாமலே மருந்து வாங்கலாம் என்று சுகாதாரத் துறைக்கு அரசு விதிவிலக்கு கொடுத்திருந்தது. அவருக்கு அதுவே பிடிக்கவில்லை. கை சுத்தம் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரைத் தினமும் துடைத்து வைப்பவர்.

"வேலியப் பிரிச்சுட்டு மாட்டைக் கூப்பிடற வேலை இது. எப்பவும் போல மூணு கம்பெனி விலை எழுதி அனுப்பட்டும், மூணு கொட்டேஷன் வரட்டும்."

குழந்தைகள் வார்டு நர்ஸ் போன் செய்தாள். பின்னால் ஒரே இருமல். ஒரு பிள்ளை நிறுத்தினால் இன்னொன்று தொடங்கியது.

"மருந்து எப்ப சார் வரும்?"

"ரெண்டு வந்தாச்சும்மா. இன்னும் ஒரு கொட்டேஷன்தான் பாக்கி."

மறுநாளும் கூப்பிட்டாள். இருமல் குறைந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைவு.

"பாத்தியா, தானா அடங்குது. இதுக்குப் போய் என்ன குதி குதிச்சாங்க!" என்றார்.

பிறகு ஒரே ஒரு இருமல் மட்டும் கேட்டது. மெலிசாக, போனுக்குப் பக்கத்திலேயே. அன்று சாப்பிடும்போதும் அது அவர் காதை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது கொட்டேஷன் வந்தது. மருந்தும் வந்தது. அவரே வார்டுக்குப் போன் செய்தார்.

"மருந்து ரெடிம்மா!"

நர்ஸ் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"என்னம்மா, பிள்ளைங்க தூங்குதா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மருந்துப் பெட்டியோடு ஓடினார். வார்டில் எல்லாக் கட்டிலும் காலி. விரிப்புகளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பினாயில் வாடை மட்டும் அடித்தது.

"ஐயோ, பிள்ளைங்க எல்லாம்...?"

"குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்க சார்" என்றாள் நர்ஸ்.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மருந்தே இல்லாம எப்படிம்மா?"

"நீங்க மாட்டேன்னதும் டாக்டரோட மச்சான், கையிருப்புல இருந்ததை எல்லாம் கொண்டு வந்து கொடுத்துட்டார். காசே வாங்கலை."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கு தினமும் எனக்குப் போன் பண்ணே?"

நர்ஸ் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்தாள். அதில் மட்டும் மெத்தை இல்லை.

"அவர் கொடுத்தது ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் பத்தலை சார்."