புதுசுக்கு ஒத்துக்காத பிரிண்டர்

"எங்கப்பாவை இந்த வீட்டுல என்னன்னு நெனச்சுட்டிருக்கீங்க, அண்ணி?"

ஊரிலிருந்து வந்த மகள் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

காரணம் கண்ணெதிரே இருந்தது. கூடத்தில், மருமகளின் மேஜை மேல் பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். அப்பாவின் அறையில், கட்டிலை ஒட்டி, நிறம் மங்கிப்போன பழைய கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும்.

பெரியவர் குனிந்து பழையதின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். அது இருமியது, முனகியது, போனால் போகிறதென்று கிளம்ப ஆரம்பித்தது.

"பிரிண்டர் பழசும்மா, புதுசுல ஓடாது. பழைய கம்ப்யூட்டருக்குத்தான் கட்டுப்படும். அதுவும் மாமா கை பட்டாத்தான்," என்றாள் மருமகள்.

வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் வேலை. திரையில் தப்பிக்கிற பிழை தாளில் மாட்டிக்கொள்ளும் என்பது அவள் கட்சி. அதனால் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க மாமனார் அறைக்கு நடையாய் நடப்பாள்.

"ரிட்டயரான மனுஷனுக்கு வீட்டுல மறுபடி ஒரு ஆபீஸா? புதுசு உங்களுக்கு, ஓட்டை அவருக்கு! பக்கத்துல ஃபிளாஸ்க் வேற. ஒரு டீயைக் கொடுத்து ஒரே இடத்துல உட்கார வச்சிட்டீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நான் குளிச்சிட்டு வர்றேன்," என்று பெரியவர் துண்டை எடுத்துக்கொண்டு நழுவினார். பெண்கள் இரண்டு பேர் சண்டையில் நடுவே நிற்கக் கூடாது என்கிற அளவுக்கு அனுபவம் இருந்தது அவருக்கு.

மகள் விடுவதாயில்லை. அலமாரியைத் திறந்து, அப்பாவின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

"சாயங்காலம் அப்பா என்னோட வர்றார். அண்ணன் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் நானே சொல்லிக்கறேன்."

மருமகள் முகம் வாடிப்போனது. "அவர் இல்லாம இங்க..."

"பிரிண்ட் எடுக்க ஆள் இருக்காது. அதானே? அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டே போறேன்."

மகளும் ஆபீஸில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவள்தான். பிரிண்டரை அலாக்காகத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். மருமகள் "வேண்டாம், வேண்டாம்" என்று பின்னாலேயே ஓடினாள். மகள் கேபிளைப் புதுசில் சொருகி எதையோ தட்டினாள்.

கிர்ரென்று ஒரு தாள் வந்து விழுந்தது.

"ஓடாதுன்னு சொன்னீங்களே!" மகள் தாளை அண்ணியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "பொய் சொல்லி வயசானவர்கிட்ட வேலை வாங்கறீங்க. வெக்கமா இல்ல?"

மருமகள் குளியலறைப் பக்கம் பயத்தோடு பார்த்தாள். தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாத்தனாரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தம் போடாதே. அத்தை போனப்புறம் மாமா எப்படி இருந்தார்னு நீ பார்க்கல. சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். புதுசு வாங்கின அன்னைக்கு, பழசை எடைக்குப் போட்டுடலாம்னு உங்க அண்ணன் சொன்னார். மாமா உடனே, 'ஆமா, பழசு இனிமே யாருக்கு வேணும்'னார். கம்ப்யூட்டரைத்தான் சொன்னாரான்னு எனக்குச் சந்தேகம்."

மகள் கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டாள்.

"அதான் பிரிண்டர் புதுசுல ஓடாதுன்னு ஒரு பொய்யை அவுத்து விட்டேன். இப்போ காலையில எழுந்ததும், 'இன்னைக்கு எத்தனை பக்கம்மா?'ன்னு அவரே கேக்கறார்."

தண்ணீர் சத்தம் நின்றது.

இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் பிரிண்டரைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். கேபிளைச் சொருகியது மகள்தான்.

பெரியவர் தலையைத் துவட்டியபடி வந்தார். மகளுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அண்ணியைப் பேசிய பேச்சுக்கு ஏதாவது செய்தால் தேவலை போலிருந்தது. மருமகள் கூடத்துக்குப் போனதும், மகள் பழைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மெத்தை போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க இங்கேயே இருங்க. ஆனா இது ஆமை மாதிரி இருக்கே. உள்ள ஒரு பார்ட்டை மாத்தினா பறக்கும். நான் வாங்கிப் போடறேன்."

"ஐயையோ, வேண்டாம்!"

பெரியவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். அண்ணிகிட்ட உளறிடாதே. இந்தப் பிரிண்டர் புதுசுலயே நல்லா ஓடும். ஒருநாள் எல்லாரும் வெளியே போனப்போ மாட்டிப் பார்த்துட்டேன். பாவம், அவளுக்குத் தெரியாது."

மகள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"காலையில உட்கார்ந்தா அந்தப் பொண்ணு இடத்தை விட்டு எழுந்திரிக்கறதில்ல. தண்ணிகூடக் குடிக்கறதில்ல. பிரிண்ட் எடுக்கணும்னாத்தான் இங்க வருவா. இது கிளம்பற வரைக்கும் அந்த நாற்காலியில சாஞ்சு ஒரு டீ குடிப்பா. சீக்கிரம் கிளம்பிட்டா எழுந்து ஓடிடுவாளே!"

அப்போதுதான் மகள் பார்த்தாள். ஃபிளாஸ்க்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

கையில் பென் டிரைவோடு மருமகள் வந்து நின்றாள். "மாமா, ஒரு ரெண்டு பக்கம்..." என்றவள், மாமனாருக்குத் தெரியாமல் நாத்தனாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அதே நேரம், மருமகளுக்குத் தெரியாமல் பெரியவரும் சிமிட்டினார்.

மகள் எழுந்து நாற்காலியை அண்ணிக்கு விட்டுவிட்டு, பெட்டியிலிருந்த சட்டைகளை அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள்.