மூன்றாவது சுற்று

"ஃபிரிட்ஜையும் நிறுத்திடு. அது உறுமுறது பாட்டுல வந்து கலக்குது" என்றார் சர்வேயர்.

"பால் திரிஞ்சா நீங்கதான் குடிக்கணும்" என்றபடியே அவர் மனைவி சுவிட்சைத் தட்டினார்.

மின்விசிறி ஏற்கெனவே ஓய்ந்திருந்தது. முனகுகிறது என்று குற்றம் சாட்டப்பட்ட குழல்விளக்கும் அணைக்கப்பட்டாயிற்று. தெருச்சத்தம் நுழையாதபடி சன்னல்களைச் சாத்திவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் இரண்டு ஆண்கள் சோபாவின் இரு முனைகளிலும் வியர்வை வழிய அமர்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தனர்.

ஒருவர், வீட்டுக்காரரான சர்வேயர். நிலம் அளக்க வாங்கிய ரசமட்டத்தை வைத்தே தம் இசைத்தட்டுப் பிளேயரை மயிரிழையும் சாயாமல் நிறுத்தியிருப்பவர். மற்றவன் அவருடைய மைத்துனன். பணிமாற்றலாகி வந்து, அக்காள் வீட்டில் ஒரு பெட்டியோடு தங்கியவன். அந்தப் பெட்டி துணிப்பெட்டி அன்று. கம்ப்யூட்டரில் சேமித்த பாட்டை வாங்கி ஒலிக்கும் கருவி. அது வந்த நாள்முதல், ஆறு மாதமாக, கூடத்தில் நடக்க வழியுமில்லை, வீட்டில் அமைதியுமில்லை.

"மாமா, உங்க ரிக்கார்டுல பாட்டைவிடப் பொரியற சத்தம்தான் ஜாஸ்தி. எண்ணெய்ச் சட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு."

"உன் பெட்டியில அதுகூட இல்லையே மாப்ளே! பொணத்தைக் குளிப்பாட்டிப் படுக்க வச்ச மாதிரி எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு; உயிர்தான் இல்லை."

"போதும்" என்றார் மனைவி.

அவர் கணக்கு டீச்சர். அந்த ஒரு சொல்லுக்கு நாற்பது பிள்ளைகள் அடங்கிப் பழகியிருந்தமையால், இவ்விருவரும் அடங்கினர்.

கூடத்தின் குறுக்கே கயிறு கட்டிக் கனத்த போர்வையொன்றைத் தொங்கவிட்டிருந்தார் அவர். இரண்டு கருவிகளும் ஸ்பீக்கர்களும் போர்வைக்குப் பின்னே இருந்தன.

"நான் உள்ளேருந்து போடுவேன். ரிக்கார்டா, கம்ப்யூட்டரான்னு பேப்பர்ல எழுதணும். மூணு சுத்து. ஜெயிச்சவர் பெட்டி ஹால்ல. தோத்தவர் பெட்டி பரண்ல. அதுக்கப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

"எந்தப் பாட்டுக்கா?"

"வேற எதுடா? அதே தனிக்குரல், அதே ஒண்ணரை நிமிஷம். பாட்டு எப்படி முடியுதுன்னே உங்க ரெண்டு பேருக்கும் தெரியாதே!"

உண்மைதான். பக்கவாத்தியம் ஏதுமின்றி ஒரு பெண் பாடிய அப்பாடலை இருவரும் சோதனைக்கென்றே வைத்திருந்தனர். ஒன்றரை நிமிடம் ஆனதும் ஒருவர் நிறுத்த, மற்றவர் தம் கருவியில் தொடங்குவார். அதைக் கேட்டுக் கேட்டு எதிர்வீட்டார்கூட மாடியை விட்டு இறங்கிப்போவதுண்டு.

சர்வேயர் பரணை நினைத்துப் பார்த்தார். பரண் என்றால் கிழிந்த மெத்தை, ஒட்டடை, எலி. பதினெட்டு ஆண்டு ஆசையாகச் சேர்த்ததை எலிக்கு எப்படிக் கொடுப்பது?

முதற்சுற்றில் இருவரும் சரியாக எழுதினர். இரண்டாம் சுற்றில் இருவரும் ஒற்றுமையாகத் தவறினர்.

"ஆளுக்கு ஒரு மார்க். சமம்" என்று உள்ளிருந்து அறிவித்தார் டீச்சர். "இனிமே மூணாவதுதான் கணக்கு. தப்பா எழுதினவர் பெட்டி பரணுக்கு."

அதற்குப் பின் ஓசையே இல்லை.

"என்னாச்சு? ஏன் இவ்வளவு நேரம்?"

"பரீட்சை நேரத்துல என்ன பேச்சு? கண்ணை மூடிட்டு உக்காருங்க."

மூடினர். பாட்டு எழுந்தது.

சர்வேயருக்குப் புல்லரித்தது. இவ்வளவு காலத்தில் அப்பாட்டு அந்தக் கூடத்தில் இப்படி ஒலித்ததே இல்லை. குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதாகவே தோன்றவில்லை; நாலு முழத்துக்கு அப்பால் நின்றது. தாளைத் தேடி எடுத்து, அழுத்தம் திருத்தமாக 'ரிக்கார்டு' என்று எழுதினார்.

மைத்துனனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினான்: 'கம்ப்யூட்டர்'.

"கம்ப்யூட்டரா! உனக்குக் காது இருக்கா மாப்ளே? மூச்சு வாங்கினது கேட்டுச்சா? அந்த உசிரு உன் பெட்டிக்கு ஏது?"

"மூச்சு வாங்கினது கேட்டதே சத்தம் சுத்தமா இருந்ததாலதான் மாமா! எங்கயாவது பொரியற சத்தம் கேட்டுச்சா? சொல்லுங்க பாப்போம்!"

"நேர்ல நின்னு பாடற மாதிரி இருந்துச்சேடா!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" போர்வைக்கு அப்பாலிருந்து டீச்சர் கேட்டார். "அப்புறம் மாத்தக் கூடாது."

"மாத்தவா? தலையை வேணாலும் அடமானம் வைக்கிறேன்" என்றார் சர்வேயர்.

"நானும்தான்" என்றான் மைத்துனன்.

"இந்த மாதிரி கேட்டதே இல்ல. அதையே இன்னொரு தடவை போடு. இவனுக்கு அப்பவாவது உறைக்கட்டும்."

உள்ளே டீச்சர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஓசை கேட்டது.

"ரெண்டாவது சுத்து முடிஞ்சதுமே கரண்ட் போயிடுச்சு, இன்னும் வரலை. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பெட்டியையும் பரணுக்கு ஏத்துங்க. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடியும் பாடறேன்."